உட்காரச் சொல்ல ஓர் ஆள்

புதுச்சேரி,
12.7.1959

அன்புள்ள வசந்தா அக்காவுக்கு, தனக்கொடி எழுதுவது.

கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்துப் பாடே உங்களுக்குத் தலைக்கு மேல் இருக்கும். அதோடு என்னுடையதையும் கொண்டுவந்து இறக்குகிறேன். மாமாவும் பிள்ளைகளும் சுகமா? விருத்தாசலத்தில் மழை உண்டா? இங்கே மேகம் திரண்டு வந்து கடலோடு போய்விடுகிறது.

மே மாதம் கடலூர் முகாமில் நமக்குச் சொல்லிக்கொடுத்த செயல் ஆராய்ச்சி நினைவிருக்கிறதா? தலைமை ஆசிரியர் தன் பள்ளியில் ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று யோசித்து, ஏதாவது ஒன்றை மாற்றி, என்ன ஆகிறது என்று கவனித்து, மறுபடி மாற்ற வேண்டும். ஆளுக்கொன்று செய்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம் என்று பஸ் நிலையத்தில் சொன்னீர்கள். விளையாட்டுக்குச் சொல்லியிருந்தால் இதை இத்தோடு கிழித்துப் போட்டுவிடுங்கள்.

என் குறை நான்காம் வகுப்பு. அஞ்சலாட்சி டீச்சருடைய வகுப்பு. இந்தப் பள்ளியிலேயே நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். தாழ்வாரத்தில் நடக்கும்போது அவர் வகுப்பின் சத்தம் தெருவரை கேட்கும். நான் உள்ளே கால் வைத்தால் நின்றுவிடும். வேம்பு என்று ஒரு பெண், மீன்காரி மகள், வெளியில் அவள் வாயை மூட முடியாது. என் முன்னால் படிக்கச் சொன்னால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் படிக்கிறாள்.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அஞ்சலாட்சி டீச்சர் நோணாங்குப்பம் பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது ஓராசிரியர் பள்ளி. பத்து வருடமாக இருந்த இடத்தை விட்டு ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "சும்மாதாம்மா, காத்தாட இருக்கும்"னார். அவர் போனால் மாற்று ஆள் தர மாட்டார்களாம். நான்காம் வகுப்பை மூன்றாம் வகுப்போடு சேர்ப்பார்கள். பிறகு இந்தச் சிறிய பள்ளிக்குத் தனியாக எதற்கு ஒரு தலைமை என்று பையன்கள் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். இங்கே வரும் பெண்களில் பாதிப்பேரைப் பையன்கள் பள்ளிக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

எனக்கு முன் இங்கே தலைமை ஆசிரியையாக இருந்த பிரெஞ்சுக்கார மதாம் போன வருடக் கடைசியில் ஓய்வு பெற்றுப் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இருந்தவரை இப்படி இல்லையாம். அவர்களுடைய பிரம்பு நாற்காலி என் அறையில் இருக்கிறது. இன்னும் அதில் உட்காரவில்லை. மேசைப் பக்கத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

அப்பா சுகம். மில்லை விட்ட பிறகு பொழுது போகவில்லை. மாலையில் நான் பேப்பர் திருத்தும்போது அறை வாசலில் வந்து நிற்பார்.

தங்கள் தங்கை,
தனக்கொடி


விருத்தாசலம்,
21.7.1959

அடி தனக்கொடி,

எங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்குச் சிரங்கு, சின்னவனுக்கு அண்ணன் சொறிவதைப் பார்த்துச் சொறிகிற வியாதி.

எடுத்த எடுப்பில் மன்னிப்பா? நீ பி.ஏ., பி.டி.; நம் வம்சத்திலேயே அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் முதலில் போட்டவள். நான் பழைய எட்டாம் வகுப்பும் ஆசிரியர் பயிற்சியும். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டால் நான் யாரிடம் கேட்பது?

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் குறை, பிள்ளைகள் தாமதமாக வருவது. ஆராய்ச்சி ஆரம்பித்தாயிற்று. மணி அடித்ததும் வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டேன். இப்போது தாமதம் என்பதே கிடையாது. அடுத்த மே மாத முகாமில் இதைப் படிக்கும்போது கைதட்டப் போகிறார்கள், பார்.

உன் வகுப்பில் பெஞ்சை மாற்றிப் போட்டுப் பார். தினமும் போய்க் கவனி. கவனிக்காமல் ஆராய்ச்சி என்ன ஆராய்ச்சி?

சித்தப்பாவை நான் கேட்டதாகச் சொல். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டாரே, அவரா வாசலில் வந்து நிற்கிறார்?

வசந்தா


புதுச்சேரி,
30.8.1959

அன்புள்ள அக்காவுக்கு,

சிரங்கு ஆறியதா? வேப்பிலை அரைத்துப் போட்டீர்களா?

பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொன்னேன். அஞ்சலாட்சி டீச்சர் சரியென்று போட்டார். அவர் எதற்கும் சரியென்றுதான் சொல்கிறார். முன்பு எப்போதாவது போவேன். இப்போது தினமும் காலையில் கதவோரம் நின்று கவனிக்கிறேன். இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று சுவரோடு ஒட்டி நிற்கிறேன். வட்டத்தால் ஒரு பலனும் இல்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை ஆசிரியைகள் கூட்டத்தில் யோசனை கேட்டேன். என் அறையில் சுவரோரம் நாற்காலிகள் இருக்கின்றன. எல்லோரும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்குப் போகும் அவசரம்போலும். குஞ்சம்மாள் டீச்சர் மட்டும் வாய் திறந்தார். மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர். யாருக்கும் பயப்படாதவர் என்று பெயர்.

"இன்னாம்மா யோசன இருக்குது இதுல? புள்ளைங்க நல்லாத்தான் படிக்குதுங்க. நீங்கதான் ரொம்பக் கவலப்படறீங்க."

"அப்ப நான் போறப்போ மட்டும் ஏன் டீச்சர் வாய மூடிக்குதுங்க?"

"திரெக்த்ரீஸ்னா ஒரு மரியாத இருக்கும் இல்ல?"

தலைமை ஆசிரியையை இங்கே இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல் என்னைச் சொல்வதாகவே எனக்குத் தோன்றுவதில்லை. யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எதிலும் மனம் போகவில்லை. அப்பா சுகம். உங்களைக் கேட்டார்.

தனக்கொடி


விருத்தாசலம்,
14.9.1959

தனக்கொடிக்கு ஆசீர்வாதம்.

ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்கிறாய். நீ வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாய். உள்ளே போ. பாடம் முழுக்க இரு. அந்த அம்மாள் மாற்றல் கேட்கிறாள் என்றால் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம். பெரிய பதவியில் உட்கார்ந்தால் கொஞ்சம் கறாராகத்தான் இருக்க வேண்டும். நீ சின்ன வயதிலேயே கல்யாண வீட்டில் பந்திக்குக்கூடக் கூப்பிட்டால்தான் வருவாய்.

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் படிக்க விட்டுப் பார். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கதவு ஆராய்ச்சி பிரமாதம்.

வசந்தா


புதுச்சேரி,
15.11.1959

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீங்கள் வருவீர்கள் என்று அப்பா ரயில் நேரம் விசாரித்துவைத்திருந்தார்.

நீங்கள் சொன்னபடி பாடம் முழுக்க உள்ளே இருக்கிறேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இரண்டிரண்டு பேராகப் படிப்பதையும் ஆரம்பித்தோம். முன்பைவிட மோசம். அஞ்சலாட்சி டீச்சரே தடுமாறுகிறார். சொன்னதைத் திரும்பச் சொல்கிறார். அடிக்கடி மேசையைப் பிடித்துக்கொள்கிறார். போன வாரம் பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறேன்"னார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. அழுதாரா என்று கேட்க எனக்குத் துணிவு இல்லை. அடுத்த இரண்டு நாள் லீவு.

லீவு முடிந்து வந்த அன்று தாழ்வாரத்தில் பிடித்துக் கேட்டேன்.

"என் மேல ஏதாவது வருத்தமா டீச்சர்?"

"ஐயையோ, உங்க மேல இன்னாம்மா வருத்தம். நீங்க ஒரு வார்த்த அதிர்ந்து பேசறது இல்ல."

"பின்ன ஏன் போறீங்க?"

"அங்க கேக்கறதுக்கு ஆள் கெடையாது. நானே ராணி, நானே ஆயா." சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் அங்கேயே நின்றோம். அவர் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். மணி அடித்தது, போய்விட்டோம்.

முகாமில் சொன்னார்கள், கவனிக்கக் கவனிக்கக் காரணம் தெளியும் என்று. நான் கவனிக்கக் கவனிக்க வகுப்பு கெடுகிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கா என்று தெரியவில்லை. எழுதுங்கள்.

தனக்கொடி


புதுச்சேரி,
10.1.1960

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நான் போன கடிதத்தில் புலம்பியது பிடிக்கவில்லையோ, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையோ என்று இரண்டு விதமாகவும் நினைத்துக்கொள்கிறேன். பொங்கல் வாழ்த்துகள்.

ஒன்று நடந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எனக்கு நான்கு நாள் காய்ச்சல். விட்ட மறுநாளே பள்ளிக்குப் போனேன். நான்காம் வகுப்பில் வழக்கம்போல் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டியது. விழுந்துவிடுவேன் என்று கடைசி பெஞ்சில் வேம்புக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குழந்தைகள் பெஞ்சு, முழங்கால் முகத்துக்கு வருகிறது.

நான் உட்கார்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி டீச்சர் தன் நாற்காலியை இழுத்த சத்தம். உட்கார்ந்தார். உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அந்த மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குள் வேம்பு என் பக்கம் திரும்பி, "இன்னா டீச்சர், காச்சலா? எங்க அம்மா கருவாட்டுக் குழம்பு வெக்கும், குடிச்சா ஓடிரும்"னாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் அதட்டவில்லை. "சரி, வேம்பு, வாய் தொறந்துட்ட இல்ல, நீயே படி"ன்னார். அவள் படித்தது தெருவுக்குக் கேட்டிருக்கும்.

பாடம் முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியதும் நான் எழவில்லை. அவரும் எழவில்லை. அப்போது கேட்டேன்.

"ஏன் டீச்சர், இத்தன நாளா நீங்க உக்காரவே இல்லியா?"

"நீங்க நிக்கறப்போ நான் எப்டிம்மா உக்காருவேன்?"

"நான் உங்கள நிக்கச் சொல்லலியே."

"உக்காரவும் சொல்லலியே. மதாம் வந்தா மொதல்ல அவங்க உக்காருவாங்க. அப்புறம் கைய காட்டுவாங்க, நாங்க உக்காருவோம். நீங்க வந்து செவுத்தோட நிப்பீங்க. போலீசுக்காரர் நிக்கற மாதிரி. எப்ப இன்னா தப்பு கண்டுபுடிப்பீங்களோன்னு புள்ளைங்களுக்கும் பயம், எனக்கும் பயம்."

புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. நரம்புச் சுருட்டு. மேசையைப் பிடித்துக்கொண்டதும், வெளியே போய் முகம் கழுவியதும், லீவும், நோணாங்குப்பமும் எல்லாம் அதுதான். சனிக்கிழமைக் கூட்டமும் அதுதான். ஒரு வருடமாக அவர்கள் எல்லோரும் என் எதிரில் நின்றிருக்கிறார்கள்.

நான் பணிவென்று நினைத்து நின்றேன், அக்கா. அப்பா மில்லில் ஷிப்டு முழுக்கத் தறி முன்னால் நின்றவர். மேஸ்திரி வந்தால் ஓய்வு நேரத்திலும் எழுந்து நிற்பார். நான் காலேஜில் பிரின்சிபால் அறையில் நாற்காலியைத் தொட்டதுகூட இல்லை. உட்கார்வது மேலே இருப்பவர்களுடைய வேலை என்று வளர்ந்துவிட்டேன். அந்த மேலே நான்தான் இருக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியவில்லை.

இனி உட்கார்ந்து பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. மாற்றலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

தனக்கொடி


விருத்தாசலம்,
22.1.1960

தனக்கொடிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கஞ்சி குடி. எங்களுக்கு ஒன்றும் இல்லை, வேலை மிகுதி, எழுத முடியவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு நாள் நடந்ததை வைத்துக் காரணம் என்று எழுத முடியாது. பிள்ளைகள் காய்ச்சல்காரியைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். முகாமில் கேள்வி கேட்பார்கள். முறைப்படி செய். இரண்டு வாரம் உட்கார். பிறகு இரண்டு வாரம் பழையபடி நில். நிற்கும்போது வகுப்பு மறுபடி வாயை மூடினால்தான் நீ சொல்வது உண்மை.

வசந்தா


புதுச்சேரி,
31.1.1960

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் போய்விட்டது. விசாரித்ததற்கு நன்றி.

நீங்கள் சொல்வது முறைதான். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் இனி நிற்க மாட்டேன். நான் நின்றால் அவர் நிற்பார், காரணம் தெரிந்தும் நிற்பார். துணி சுற்றிய அந்தக் காலை ஒருமுறை பார்த்துவிட்டேன். முகாமில் இது ஆராய்ச்சி இல்லை என்றால் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பேச்சை நான் தட்டுவது இதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கிடையில் நோணாங்குப்பத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது போய்ச் சேரும் முன்பே கையெழுத்தாகிவிட்டதாம். ஏப்ரல் முதல் அவர் அங்கே போயாக வேண்டும். எனக்கு அலுப்பாக இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு ஆளைப் பறிகொடுப்பதற்கு, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார்.

தனக்கொடி


விருத்தாசலம்,
13.3.1960

என் தங்கை தனக்கொடிக்கு,

எல்லோரும் சுகம். உனக்கு இவ்வளவு நாள் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை.

நீ தட்டிப் பேசியதில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் போன பிறகு வேறு ஒன்று வந்தது. என் ஆசிரியைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பெயர் போட வேண்டாம், நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். நீ என்ன நினைக்கிறாய்? குறை எழுதியிருப்பார்கள் என்றா? எல்லாத் தாளும் வெறுமையாக இருந்தது. ஒன்றில் மட்டும் ஏதோ எழுதி, காகிதம் கிழிய அடித்திருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயன்றேன். முடியவில்லை. முயன்றேனே என்று வெட்கமாக இருக்கிறது.

உன் வகுப்பு வாயை மூடியது பார், அதேதான்.

கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டேன். தாமதம் வந்துவிட்டது. ஆனால் கதவு சாத்தியிருந்த மாதங்களில் தாமதமாக வரக்கூடிய பிள்ளைகள் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்கள் இப்போது வருகிறார்கள். மே மாதம் முகாமில் நான் எதையும் படிக்கப்போவதில்லை. நீ படி. நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அந்த மாற்றல் என்ன ஆயிற்று? நேரில் போய்க் கேட்டாயா? மேசையோரம் நின்று முணுமுணுத்துவிட்டு வந்திருந்தால் திரும்பப் போ.

வசந்தா


புதுச்சேரி,
3.4.1960

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் படித்தேன். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன். அந்தத் தாள்களை எறிந்துவிடாதீர்கள். இன்னொரு மாதம் கழித்துத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். திறந்த கதவை அவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்.

நேரில் போனேன். கல்வி அதிகாரி முன்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இதற்குமுன் இரண்டு தடவை போனபோதும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு வந்தவள் நான். இந்தத் தடவை உட்கார்ந்தேன். அவர் சொல்லவில்லை, நானாக உட்கார்ந்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்களே போறேன்னாங்க. இப்ப அவங்களே வேணாங்கறாங்க. உங்க ஸ்கூல்ல என்னதாம்மா நடக்குது?"

"ஓர் ஆராய்ச்சி, சார்."

"முடிஞ்சுதா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன், சார். அதுக்கு அந்த டீச்சர் வேணும்."

எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. டீச்சருடைய காலைப் பற்றிச் சொன்னேன். நின்றதைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. உத்தரவை நிறுத்திவைத்திருக்கிறார், அடுத்த வருடம் முடியும்வரை. அதுவரை நான்காம் வகுப்பு நான்காம் வகுப்பாக இருக்கும்.

அஞ்சலாட்சி டீச்சரிடம் சொன்னபோது, "போச்சு, ராணியாவலாம்னு பாத்தேன்"னார். நேற்று சனிக்கிழமைக் கூட்டம் வெகுநேரம் நடந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். குஞ்சம்மாள் டீச்சர் என் குறைகளை ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். கேட்பதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சொல்லச் சொன்னேன்.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு.

ஒன்று பாக்கி இருக்கிறது, அக்கா. முதல் கடிதத்திலிருந்து எழுத நினைத்து அப்பா சுகம் என்று எழுதி நிறுத்திவிடுகிறேன்.

நான் தலைமை ஆசிரியை ஆனதிலிருந்து அப்பா என் எதிரில் உட்கார்வதில்லை. நான் மேசையில் இருந்தால் வாசற்படியில் வந்து நிற்கிறார். தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். மில்லில் மேஸ்திரி வந்தால் அப்படித்தான் செய்வார், சிறு வயதில் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். அவருக்கும் கால் வலிக்கிறது. ராத்திரியில் தேய்த்துக்கொள்வது கேட்கிறது. "உக்காருப்பா" என்றால், "நீ வேலயப் பாரும்மா, நான் சும்மா நிக்கறேன்" என்கிறார். நான் எழுந்தால், "திரெக்த்ரீஸ் எழுந்துக்கலாமா?" என்று சிரிக்கிறார். அவருக்கு அதில் பெருமை. பள்ளியில் நான் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்கிறார்கள். வீட்டில் நான் உட்கார்ந்தால் அப்பா நிற்கிறார். இதற்கு எதை மாற்றிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம்தான் அவர் வாயடிப்பார். உங்கள் வீட்டு ஊஞ்சலில் அவர் இறங்காமல் ஆடியதை நீங்களே எழுதியிருந்தீர்கள். முகாமுக்குக் கடலூர் வரும்போது நான்கு நாள் முன்னதாகவே புறப்பட்டு இங்கே வாருங்கள். மாலையில் நான் பேப்பர் திருத்துகிற நேரத்துக்கு என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, "சித்தப்பா, இப்டி வந்து உக்காரு"ன்னு, எப்போதும்போல் ஓர் அதட்டுப் போட்டுச் சொல்லுங்கள்.

தங்கள் தங்கை,
தனக்கொடி